500 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மி.மீ. மீக்கடத்தி ஆன்டெனா: முதன்முறை செய்பவர்களுக்கு

குளிரவைத்தால் மின்தடையை ஏறக்குறைய முழுதும் இழக்கும் மீக்கடத்திப் படலத்தில் ஆன்டெனா செய்தால் அளவைச் சுருக்கலாம் என்று படித்துவிட்டு நேராகப் படலத்துக்கு ஆர்டர் போடுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். படலம் நன்றாகத்தான் இருக்கும். பக்கத்திலிருக்கும் மின்தேக்கி, பற்றவைத்த இணைப்பு, குளிர்ப் பாத்திரத்தின் உலோகச் சுவர் இவை சேர்ந்து அதன் பயனைத் தின்றுவிடும். மீக்கடத்தி தன் சொந்த இழப்பை மட்டும்தான் நீக்கும், சுற்றியிருப்பவற்றின் இழப்பை நீக்காது. கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வரும்.

எடுத்துக்காட்டாக 20 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. பட்டை அகலமும் கொண்ட ஒற்றைச் சுற்று வளையத்தை எடுத்துக்கொள்வோம். அதிர்வெண் 500 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 600 மி.மீ. பொருள், ஒய்பிசிஓ என்று சுருக்கிச் சொல்லும் யிட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடு. திரவ நைட்ரஜனின் 77 கெல்வினிலேயே இது வேலை செய்யும்.

1. முதலில் தாளில் கணக்குப் போடுங்கள்

சிறிய வளையத்தின் கதிர்வீச்சுத் தடைக்கு (அலையாக வெளியேறும் திறனைத் தடையாகக் கணக்கிட்டுச் சொல்லும் எண்) எளிய சூத்திரம் உண்டு. சுற்றளவை அலைநீளத்தால் வகுத்து, நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 197ஆல் பெருக்குங்கள். நம் வளையத்துக்குச் சுற்றளவு 62.8 மி.மீ., ஆகவே விடை சுமார் 0.024 ஓம். இந்த எண்ணைப் பெரிதாக எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். இனி எந்த உதிரிப்பாகத்தைச் சேர்த்தாலும் அதன் தடையை இதனோடுதான் ஒப்பிட வேண்டும்.

அறை வெப்பநிலையில் செம்பின் மேற்பரப்புத் தடை (உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஓடும் மேல்தோலின் தடை) இந்த அதிர்வெண்ணில் சுமார் 5.8 மில்லி ஓம். பட்டையின் ஓரங்களில் மின்னோட்டம் குவிவதையும் சேர்த்தால் வளையத்தின் இழப்புத் தடை 0.1 ஓமைத் தாண்டிவிடும். அதாவது கொடுக்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்குகூட வெளியே போகாது. அதே செம்பை 77 கெல்வினுக்குக் குளிர்வித்தால் மேற்பரப்புத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகி, திறமை, அதாவது கொடுக்கும் திறனில் வெளியேறும் பங்கு, மூன்றில் ஒன்று அளவுக்கு ஏறும். நல்ல ஒய்பிசிஓ படலத்துக்கு 10 கிகாஹெர்ட்ஸில் மேற்பரப்புத் தடை 0.5 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால் 500 மெகாஹெர்ட்ஸில் ஒரு மைக்ரோ ஓமைச் சற்றே தாண்டும். ஓரக் குவிவையும் படலத்தின் மெலிவையும் தாராளமாகச் சேர்த்தாலும் வளையத்தின் இழப்பு அரை மில்லி ஓமுக்குள் அடங்கிவிடும், திறமை 98 விழுக்காட்டைத் தொடும்.

ஆக, அறை வெப்பச் செம்பைவிடச் சுமார் 7 டெசிபல் ஆதாயம், குளிர்ந்த செம்பைவிட 4 முதல் 5 டெசிபல் ஆதாயம். இரண்டாவது எண்தான் நேர்மையானது. குளிர்விக்கும் செலவு எப்படியும் உங்கள் தலையில்தான், அதைச் செம்புக்கு மட்டும் மறுப்பது நியாயமில்லை.

இப்போது கசப்பான பக்கம். இந்த வளையத்தின் இண்டக்டன்ஸ் சுமார் 39 நானோஹென்றி, 500 மெகாஹெர்ட்ஸில் அதன் எதிர்வினைத் தடை 121 ஓம். அதை 0.024ஆல் வகுத்தால் க்யூ மதிப்பு, அதாவது ஒத்ததிர்வின் கூர்மை, 5,000. கேபிளின் தடையோடு பொருத்தம் செய்த பிறகு கிடைக்கும் பட்டை அகலம் சுமார் 200 கிலோஹெர்ட்ஸ்தான். வளையத்தை 10 மி.மீ. ஆக்கிப் பட்டையையும் 1 மி.மீ. ஆகக் குறைத்தால் கதிர்வீச்சுத் தடை 0.0015 ஓமுக்கு விழும். செம்பின் திறமை நூற்றுக்கு ஒன்றாகிவிடும், மீக்கடத்தியின் ஆதாயமோ பிரமாதமாகத் தெரியும். ஆனால் பட்டை அகலம் 25 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருங்கும். சிறிய ஆன்டெனா எந்தப் பொருளால் ஆனாலும் தன் பருமனுக்குரிய குறைந்தபட்ச க்யூ மதிப்புக்குக் கீழே போகாது. சூ வரம்பு என்று சொல்லப்படும் இது இயற்பியலின் வேலி, மீக்கடத்தியால் தாண்ட முடியாது. உங்கள் சிக்னலுக்கு 1 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டுமென்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள், நிறையப் பணம் மிச்சம்.

நிறுத்த வேண்டிய இன்னும் இரண்டு நிலைகள் உண்டு. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே சிக்னலை ஏற்க மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சலே ஆன்டெனாவின் இழப்பை மூடிவிடும், மீக்கடத்தி வீண். இடம் தாராளமாக இருந்தால் 150 மி.மீ. நீளக் கால் அலைக் கம்பி ஏறக்குறைய இலவசமாகவே இதைவிட நன்றாக வேலை செய்யும். எம்ஆர்ஐ கருவியின் சிறு ஏற்புச் சுருள் போல, இடமும் இரைச்சலும் ஒருசேர நெருக்கும் இடத்தில்தான் இந்த உழைப்புக்குக் கூலி கிடைக்கும்.

2. செம்பில் ஒன்று செய்து பாருங்கள்

படலத்தைத் தாங்கப்போகும் மக்னீசியம் ஆக்சைடு அடித்தகட்டின் மின்காப்பு மாறிலி (மின்தேக்கியின் கொள்ளளவை எத்தனை மடங்காக்கும் என்பதைக் காட்டும் எண்) சுமார் 9.7. அதற்கு நெருக்கமாக 9.8 உள்ள டிஎம்எம்10ஐ என்ற ரோஜர்ஸ் பலகையில் அதே வரைபடத்தைச் செம்பில் அரித்தெடுங்கள். மலிவான எஃப்ஆர்-4 பலகை வேண்டாம், அதன் சொந்த இழப்பே எல்லாவற்றையும் மறைத்துவிடும். இந்தச் செம்பு வளையம்தான் பின்னால் ஒப்பீட்டுக்கும் உதவும். கணினி மாதிரி, பலகை, முதல் குளிர் சோதனை எல்லாம் சேர்த்து மூன்று வாரம் ஒதுக்குங்கள். படலத்துக்கு ஆர்டர் கொடுப்பது இதற்குப் பிறகுதான்.

3. மின்தேக்கியைப் படலத்திலேயே வரையுங்கள்

வளையம் 500 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர 2.6 பிகோஃபாரட் வேண்டும். கடையில் கிடைக்கும் நல்ல சிப் மின்தேக்கியின் க்யூ மதிப்பு 1,000 என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் அதன் தொடர் தடை 0.12 ஓம். மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள்: ஐந்து மடங்கு. ஒரே ஒரு உதிரிப்பாகத்தால் மீக்கடத்தி ஆன்டெனா பழைய செம்பு ஆன்டெனாவாகிவிடும்.

அதனால் வளையத்தில் ஓர் இடைவெளி விட்டு, அங்கே இரு கைவிரல்களைக் கோத்தது போன்ற விரல்கோப்பு மின்தேக்கியை அதே படலத்தில் வரைய வேண்டும். 50 மைக்ரோமீட்டர் விரல், 50 மைக்ரோமீட்டர் இடைவெளி, மொத்தம் 20 விரல், ஒன்றோடொன்று கோத்திருக்கும் நீளம் 2.9 மி.மீ. இந்தக் கோப்பின் மொத்த அகலம் 1.95 மி.மீ., அதாவது பட்டையின் அகலத்துக்குள் கச்சிதமாக உட்காரும். வளையத்தின் சொந்தக் கொள்ளளவு கொஞ்சம் சேரும் என்பதால் கடைசி நீளத்தைக் கணினி மாதிரியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விரலை நீளமாக வைத்து வரையுங்கள். பிறகு வெட்டிக் குறைக்கலாம், கூட்ட முடியாது.

திரவ நைட்ரஜனுக்குள் மூழ்கவைக்கப் போகிறீர்களா, வெற்றிடத்தில் வைக்கப் போகிறீர்களா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். திரவ நைட்ரஜனின் மின்காப்பு மாறிலி 1.43. விரல்களின் மேற்புறத்தில் அது நிரம்பினால் கொள்ளளவு 4 விழுக்காடு ஏறும், அதிர்வெண் 2 விழுக்காடு, அதாவது 10 மெகாஹெர்ட்ஸ் இறங்கும். ஆன்டெனாவின் பட்டை அகலமே 0.2 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதை மறக்க வேண்டாம்.

4. படலத்துக்கு ஆர்டர் கொடுத்தல்

ஆர்டர் கடிதத்தில் எழுத வேண்டியவை: 2 அங்குல மக்னீசியம் ஆக்சைடு வேஃபர் (வட்டத் தகடு), 0.5 மி.மீ. தடிமன், ஒரு பக்கம் மட்டும் ஒய்பிசிஓ, படலத் தடிமன் 500 முதல் 600 நானோமீட்டர், நிலைமாறு வெப்பநிலை (இதற்குக் கீழேதான் மீக்கடத்தல்) 87 கெல்வினுக்கு மேல், 77 கெல்வினில் மாறுநிலை மின்னோட்ட அடர்த்தி (இதைத் தாண்டினால் மீக்கடத்தல் குலையும்) சதுர செ.மீ.க்கு 20 லட்சம் ஆம்பியருக்கு மேல், 10 கிகாஹெர்ட்ஸில் மேற்பரப்புத் தடை 0.5 மில்லி ஓமுக்குள். மின்னோட்ட அடர்த்தி வேஃபர் முழுவதும் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்தையும் கேளுங்கள். ஓரத்தில் அடர்த்தி குறைந்திருந்தால் வளையத்தை எங்கே வைக்கலாம் என்று அது சொல்லும்.

பலர் எழுத மறப்பது பின்பக்கத்தைப் பற்றி. சில தயாரிப்பு முறைகளில் வேஃபரை வெள்ளிப் பசையால் சூடேற்றியில் ஒட்டுவார்கள். அந்த வெள்ளி பின்னால் மீந்திருந்தால் அது உங்கள் வளையத்துக்கு அடியில் ஓர் உலோகத் தகடு, ஆன்டெனா செத்தது. 'பின்பக்கம் சுத்தமாக, உலோகம் இல்லாமல்' என்று ஒரு வரி சேருங்கள். மேலே தங்கப் பூச்சும் வேண்டாம். இந்த வடிவமைப்பில் படலத்தைத் தொடும் கம்பியே கிடையாது.

அடித்தகட்டை மாற்றலாமா என்று கேட்பீர்கள். நீலக்கல்லில் இழப்பு இன்னும் குறைவு, ஆனால் நடுவே சீரியம் ஆக்சைடு அடுக்கு வேண்டும், படலம் 300 நானோமீட்டரைத் தாண்டினால் விரிசல் விடும். லாந்தனம் அலுமினேட்டின் மாறிலி 24, உள்ளே இரட்டைப் படிகக் கோடுகள் இருப்பதால் இடத்துக்கு இடம் மாறும். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் படலம் அழகாக வளரும், விலையும் சில நேரம் கவரும். தொடாதீர்கள். குளிரக் குளிர அதன் மாறிலி ஆயிரத்தைத் தாண்டி ஏறும்.

செலவைப் பொறுத்தவரை, திரவ நைட்ரஜனுக்குப் பதில் மின்சாரத்தில் குளிரவைக்கும் இயந்திரமான குளிர்விப்பான் வாங்காத வரை படலம்தான் பெரிய செலவு. இருபக்கப் படலம் கேட்டால் ஏறத்தாழ இரட்டிப்பாகும், இங்கே அது தேவையில்லை. ஆனால் ஒன்றுக்கு இரண்டாக வேஃபர் வாங்குங்கள். முதல் வேஃபர் லித்தோகிராஃபியில், அதாவது ஒளியால் வரைபடத்தைப் படலத்தில் பதிப்பதில், பழகுவதற்கே போய்விடும். பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் விற்பவர் இறுதிப் பயன்பாட்டு உறுதிமொழி கேட்கலாம். குளிர்விப்பான் வாங்கினால் கட்டாயம் எதிர்பாருங்கள். அதில் பயன்பாட்டைக் குறிப்பாக எழுதுங்கள்: ஆய்வகம், அதிர்வெண், பொருளின் பெயர், எங்கே வைக்கப்படும். 'தகவல் தொடர்பு ஆராய்ச்சி' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கேள்விக்கு மேல் கேள்வி வந்து வாரக்கணக்கில் இழுக்கும். சுங்கத்துக்கான விலைப்பட்டியலில் 'மக்னீசியம் ஆக்சைடு தகட்டின் மேல் செராமிக் மென்படலம்' என்று எழுதச் சொல்லுங்கள். உறையின் மேலேயே 'வெற்றிட உறை, ஈரம் பட்டால் கெடும், திறக்க வேண்டாம்' என்ற ஒட்டு இருக்கட்டும்.

5. வரைந்து அரித்தல்

50 மைக்ரோமீட்டர் கோடுகளுக்குக் குரோம் மாஸ்க் என்னும் ஒளிமறைப்புத் தகடு தேவையில்லை, உயர் துல்லிய லேசர் அச்சில் எடுத்த ஃபிலிம் மாஸ்க்கே போதும், விலையும் சிறு பங்குதான். ஒளி பட்டால் மாறும் காப்புப் பூச்சான ஃபோட்டோரெசிஸ்ட்டை 90 டிகிரி செல்சியஸில் உலர்த்துங்கள். வெற்றிடத்தில் அதிகச் சூடு காட்டினால் படலம் ஆக்சிஜனை இழந்து மீக்கடத்தியாகவே இருக்காது.

அரிப்புக்கு 1 விழுக்காடு பாஸ்போரிக் அமிலம். நேரத்தைப் புத்தகத்தில் தேடாதீர்கள், வேஃபரின் ஓரத் துண்டில் முதலில் சோதித்து அளந்துகொள்ளுங்கள். கருப்பு மறைந்து தகடு கண்ணாடிபோல் தெரிந்ததும் எடுங்கள். அதற்குமேல் விட்டால் ரெசிஸ்ட்டுக்கு அடியில் பக்கவாட்டில் அரித்துக்கொண்டே போகும். தண்ணீரில் சில விநாடி அலசல், உடனே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிறகு உலர் நைட்ரஜன் ஊதல். தண்ணீரில் ஊறவைப்பது படலத்தைக் கொல்வதற்குச் சமம்.

இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு மயிரிழை படலம் மீந்தாலும் மின்தேக்கி குறுக்காகிவிடும். இதை மல்டிமீட்டரில் பார்க்க முடியாது, ஏனென்றால் வளையம் மறுபக்கமாக இரு முனைகளையும் ஏற்கெனவே இணைத்திருக்கிறது. நன்றாக இருந்தாலும் கெட்டிருந்தாலும் மீட்டர் ஒன்றேதான் சொல்லும். நுண்ணோக்கியில் 19 இடைவெளிகளையும் ஒன்றுவிடாமல் பாருங்கள். வளையத்துக்கு 24 மி.மீ. சதுரம் வெட்டிய பிறகு மீதியாகும் துண்டுகளில் ஒன்றில் தனி விரல்கோப்பு ஒன்றை வரைந்திருந்தால் அதை மீட்டரில் சோதிக்கலாம்.

6. குளிர்விக்கும் பாத்திரம்

முதல் சோதனைக்குக் குளிர்விப்பான் வேண்டாம். தடித்த சுவருள்ள தெர்மாகோல் பெட்டி, மீன் கட்டி அனுப்புகிறார்களே அதுபோல ஒன்று போதும். தெர்மாகோல் ரேடியோ அலைக்கு ஏறக்குறைய காற்றுதான். எஃகுக் குடுவைக்குள் வைத்தால் ஆன்டெனா உலோகப் பெட்டிக்குள் அடைபட்டுவிடும் என்பது எல்லோருக்கும் புரியும். கண்ணாடிக் குடுவையில்தான் ஏமாறுவார்கள். அதன் உட்சுவரில் வெள்ளிப் பூச்சு இருக்கிறது, அதுவும் உலோகம்தான்.

2 லிட்டர் கொள்ளும் பெட்டியைக் குளிர்வித்து நிரப்பி ஒரு சோதனையை முடிக்க 4 முதல் 5 லிட்டர் திரவ நைட்ரஜன் எடுத்துவையுங்கள். வாயு நிறுவனங்கள் தவிர, மாடுகளுக்குச் சினை ஊசி போடும் கால்நடை நிலையங்களும் உறைவிந்தைத் திரவ நைட்ரஜனில்தான் வைத்திருக்கும். சிற்றூரில் இருப்பவர்கள் எந்த ஏஜென்சி அதை நிரப்புகிறது என்று அங்கே விசாரிக்கலாம். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் 700 லிட்டருக்கு நெருக்கமான வாயு. அடைத்த அறையில் மூச்சுக்கு ஆக்சிஜன் மிஞ்சாது. லிஃப்டில் குடுவையை ஏற்றினால் ஆள் ஏறக் கூடாது.

தகட்டைச் சட்டென்று முக்காதீர்கள். திரவத்துக்கு மேலே 10, 15 நிமிடம் ஆவியில் குளிரவிட்டு மெல்ல இறக்குங்கள். பக்கத்தில் ஒரு பிடி-100 வெப்ப உணரி இருக்கட்டும். அது சுமார் 20 ஓம் காட்டினால் 77 கெல்வினுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

படலங்கள் அதிகம் சாவது வெளியே எடுக்கும்போது. குளிர்ந்த தகட்டை அறைக் காற்றில் வைத்தால் பனி படிந்து, உருகி, தண்ணீர் படலத்தின் மேல் நிற்கும். உலர் நைட்ரஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும், பொறுங்கள்.

பிற்பாடு சிறிய ஸ்டிர்லிங் குளிர்விப்பானுக்கு மாறும்போது வெப்பக் கணக்கு தலைகாட்டும். அறை வெப்பத்திலிருந்து வரும் 20 செ.மீ. நீள, 2.2 மி.மீ. தடிமனுள்ள ஒரே ஒரு செம்புக் கோஆக்சியல் கேபிள் முக்கால் வாட்டுக்கு (0.75) மேல் வெப்பத்தை உள்ளே கடத்தும். 77 கெல்வினில் அரை வாட் மட்டும் இழுக்கும் சிறு குளிர்விப்பான் அதிலேயே தோற்றுவிடும். எஃகுக் கேபிள் அதில் முப்பதில் ஒரு பங்குதான் கடத்தும். வெப்பக் கதிர்வீச்சைத் தடுக்க அலுமினியத் தாள் சுற்றும் வழக்கத்தை இங்கே விட வேண்டும், அது ரேடியோ அலையையும் தடுத்துவிடும். குளிர்விப்பானின் குளிர்ந்த முனையான செம்புக் குளிர்விரலின் மேல் தகட்டை நேராக ஒட்டவும் கூடாது. நடுவே 40 மி.மீ. நீளமாவது நீலக்கல் தண்டு கொடுங்கள். மின்சாரம் கடத்தாது, 77 கெல்வினில் வெப்பத்தை மட்டும் அருமையாகக் கடத்தும்.

7. தொடாமல் இணைத்தல்

படலத்தில் எதையும் பற்றவைக்க வேண்டாம். வெள்ளிப் பூச்சு இணைப்பு ஒன்றின் தடை சில மில்லி ஓம் என்றாலும் 24 மில்லி ஓமுக்கு முன் அது பெரிய தொகை. கேபிள் முனையில் 8 மி.மீ. விட்டச் செம்பு வளையம் ஒன்றை வைத்து, அதைத் தகட்டுக்கு எதிரே நிறுத்துங்கள். சரியான பொருத்தம் சுமார் 18 மி.மீ. தூரத்தில் கிடைக்கும்.

அறை வெப்பத்தில் செம்பு மாதிரியை வைத்துப் பொருத்தினால் அந்தத் தூரம் 11, 12 மி.மீ. என்று வரும். அதை அப்படியே ஒட்டிவிட்டு மீக்கடத்தியை வைத்துக் குளிர்வித்தால் பொருத்தம் போய்விடும். குளிர்ந்த நிலையிலேயே தூரத்தை மாற்றும்படி ஒரு நைலான் திருகாணி ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

கேபிளின் வெளிப்புறமே ஆன்டெனாவாக மாறுவது இன்னொரு தொல்லை. கேபிளைக் கையால் தடவிப் பாருங்கள், அளவு ஆடினால் கதிர்வீசுவது கேபிள்தான். ஃபெரைட் மணிகளைக் குளிராத பகுதியில் போடுங்கள், குளிரில் அவற்றின் காந்தப் பண்பு குறைந்துவிடும்.

8. அளத்தல்

ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சிக்னலை அதிர்வெண் வாரியாக அளக்கும் நானோவிஎன்ஏ போன்ற சிறு கருவியில் 101 புள்ளிகளை 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரப்பினால் புள்ளிக்குப் புள்ளி 1 மெகாஹெர்ட்ஸ் தள்ளி விழும். ஒத்ததிர்வில் திரும்பும் சிக்னல் குறைவதைக் காட்டும் 0.2 மெகாஹெர்ட்ஸ் அகலப் பள்ளம் நடுவில் ஒளிந்துகொள்ளும், 'படலம் வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டுவீர்கள். 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் துண்டு துண்டாகத் தேடுங்கள். கண்டுபிடித்ததும் 1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருக்கி, திருகாணியைத் திருப்பிப் பள்ளம் மிக ஆழமாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்து, அதே பெட்டியில், அதே திரவத்தில், அதே தூரத்தில் ஓர் ஏற்பு ஆன்டெனாவை நிறுத்திக்கொண்டு மீக்கடத்தி வளையத்தையும் செம்பு வளையத்தையும் மாற்றி மாற்றி அளங்கள். ஒவ்வொன்றுக்கும் பொருத்தத்தைத் திரும்பச் சரிசெய்யுங்கள். வித்தியாசம் 4 டெசிபலுக்கு அருகில் வந்தால் எல்லாம் சரி. 1 டெசிபல்தான் என்றால் பின்பக்க உலோகம், அருகிலுள்ள திருகு, ஈரம் பட்ட படலம் என்ற வரிசையில் தேடுங்கள். 10 டெசிபல் வந்தால் மகிழாதீர்கள், செம்பு வளையத்தின் பொருத்தம் தவறியிருக்கிறது.

அனுப்பும் திறனை 10 மில்லிவாட்டுக்குள் வையுங்கள். அந்த அளவிலேயே வளையத்தில் உச்ச மின்னோட்டம் 0.9 ஆம்பியர், விரல்களுக்கு நடுவே 110 வோல்ட். விரல்களின் வேரில் படலத்தின் அகலம் பட்டையில் கால் பங்குதான் என்பதால் அடர்த்தி அங்கே நான்கு மடங்கு. ஒரு வாட் கொடுத்தால் மின்னோட்டம் 9 ஆம்பியராகி, வேரில் மாறுநிலை அடர்த்தியைத் தாண்டி மீக்கடத்தல் குலையும். திறனைக் கூட்டும்போது பள்ளம் சாய்ந்து அகன்றால் எல்லையை நெருங்கிவிட்டீர்கள் என்று அறிந்து குறையுங்கள். திறந்த வெளியில் அலைபரப்ப உரிமம் வேண்டும், இந்தியாவில் அதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவை அணுக வேண்டும். அலைத்தடுப்பு அறையை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவிட்டால் அந்த அலைச்சலும் இல்லை, பக்கத்து டிவி கோபுரத்தின் சிக்னலும் அளவைக் கெடுக்காது. வாடகை நாளன்று காலையிலேயே திரவ நைட்ரஜன் அங்கே வந்து சேர்ந்துவிடும்படி முந்தைய நாளே சொல்லிவையுங்கள்.